ஜான் கோஹன்: புகைப்பட ஆசிரியரும் அமெரிக்க மலைப்பாட்டும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விஷுவல் கம்யூனிகேஷன் மாணவர்களுக்குப் புகைப்பட வரலாறு சொல்லித்தருகிறேன். ஜான் கோஹனின் படங்களைத் திரையில் போட்டுவிட்டு, அவர் பதிவு செய்த பாட்டு ஒன்றையும் போட்டுக் காட்டுவேன். வகுப்பு முடிந்ததும் ஒவ்வொரு வருடமும் அதே கேள்விகள் வருகின்றன. வெளியில் நண்பர்களும் அதையேதான் கேட்கிறார்கள். கேட்டவர்களின் வார்த்தையிலேயே கேள்விகளைத் தொகுத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

யார் சார் இந்த ஜான் கோஹன்? பாட்டுக்காரரா, போட்டோகிராபரா?

இரண்டும்தான். 1932ல் நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் பிறந்தவர். பாஞ்சோவும் (வட்டமான தோல் முகப்புள்ள தந்தி வாத்தியம்) கிடாரும் வாசித்தார், பாடினார். புகைப்படம் எடுத்தார், ஆவணப்படம் எடுத்தார். ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய் நாட்டுப்புறப் பாடகர்களைப் பதிவு செய்தார். 1972 முதல் 1997 வரை நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் பர்ச்சேஸ் வளாகத்தில் காட்சிக்கலைப் பேராசிரியராக இருந்தார். 2019 செப்டம்பரில் காலமானார்.

இவற்றில் எது அவருடைய 'உண்மையான' தொழில் என்று பிரிக்கப் போனால் அவர் கையில் சிக்கமாட்டார். எல்லா வேலைக்கும் ஒரே கண், ஒரே காது.

கிராஃபிக் டிசைன் வாத்தியார்னு எங்கயோ படிச்சேன். சரிதானா?

கிட்டத்தட்ட, ஆனால் அப்படியே இல்லை. அவர் கற்பித்தது புகைப்படமும் கோட்டோவியமும். ஆனால் அவர் வளர்ந்தது டிசைன் பட்டறையில். யேல் பல்கலைக்கழகத்தில் அவர் படித்த 1950களில் டிசைன் துறைத் தலைவராக இருந்தவர் யோசஃப் ஆல்பர்ஸ். ஜெர்மனியின் பௌஹௌஸ் என்ற கலை, டிசைன் பள்ளியில் பாடம் நடத்திவிட்டு, நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் அமெரிக்கா வந்து சேர்ந்தவர். கோஹனுக்குப் புகைப்படம் சொல்லிக்கொடுத்த ஹெர்பர்ட் மாட்டரும் சுவிட்சர்லாந்தின் பெயர்பெற்ற கிராஃபிக் டிசைனர், போஸ்டர் கலைஞர்.

ஆக, படித்தது டிசைனர்களிடம், கற்பித்தது படக்கலை. 1957ல் முதுகலை முடித்துவிட்டு நியூயார்க் திரும்பினார்.

அமெரிக்க ஃபோக் மியூசிக்னா பாப் டிலன், ஜோன் பயஸ் பாடினதுதானே? இவர் வாசிச்சது என்ன?

1950களின் கடைசியில் அமெரிக்க நகரங்களில் 'ஃபோக்' என்று விற்றது பெரும்பாலும் இழைத்து மெருகேற்றிய பாட்டு. 1958ல் கிங்ஸ்டன் ட்ரியோ ஒரு பழைய கொலைப்பாட்டை நாடு முழுக்க ஹிட் ஆக்கியது. சீரான சட்டை, சுத்தமான இசைவு, காபிக்கடை மேடை. டிலனும் பயஸும் அதற்கு அப்புறம் வந்தவர்கள்.

கோஹனுக்குப் பிடித்தது அதற்கும் முந்தைய சரக்கு. 1920, 30களில் தெற்கு மாநிலங்களின் மலைப்பகுதிக் கலைஞர்கள் நிமிடத்துக்கு 78 முறை சுழலும் இசைத்தட்டுகளில் பதிவு செய்த ஃபிடில் (நாட்டுப்புற வயலின்), பாஞ்சோ இசையும் குழுப்பாட்டுகளும். ஒரு பக்கத்துக்குச் சுமார் 3 நிமிடம்தான். சார்லி பூல், கார்ட்டர் குடும்பம் மாதிரியானவர்கள். இதை அங்கே 'ஓல்ட் டைம்' இசை என்பார்கள். குரல் மூக்கிலிருந்து வரும், ஃபிடில் உரசும், தாளம் முன்னால் தள்ளிக்கொண்டே போகும். அந்த முரட்டுத்தனத்தை மழுங்கடிக்காமல் வாசிக்க வேண்டும் என்பதுதான் அவர் பிடிவாதம்.

நியூயார்க்ல வளர்ந்த பையனுக்கு மலைப்பாட்டு எப்படிப் பழக்கம்?

வீட்டிலிருந்தே. அம்மா அப்பா இருவரும் நாட்டுப்புற நடனத்தில் ஈடுபாடு உள்ளவர்கள். அண்ணன் மைக் கோஹன் 'ஷாண்டி பாய்ஸ்' என்ற ஃபோக் குழுவில் இருந்தார். பதின்வயதில் கோடைமுகாமில் பழைய தெற்கத்தி இசைத்தட்டுகளின் மறுபதிப்பைக் கேட்டவருக்கு அந்தப் பைத்தியம் பிடித்துக்கொண்டது.

அப்புறம் 1952ல் ஃபோக்வேஸ் என்ற இசைத்தட்டு நிறுவனம் ஒரு பெரிய தொகுப்பு வெளியிட்டது. ஹாரி ஸ்மித் என்ற ஓவியர் தன்னிடமிருந்த பழைய தட்டுகளிலிருந்து 84 பதிவுகளைப் பொறுக்கி வரிசைப்படுத்தியது. கோஹன் தலைமுறையில் பலருக்குப் பாடப்புத்தகமே அதுதான். அந்த ஹாரி ஸ்மித்தைத் தேடிப்பிடித்து விரிவாகப் பேட்டி எடுத்ததும் பின்னாளில் கோஹன்தான்.

நியூ லாஸ்ட் சிட்டி ராம்ப்ளர்ஸ்னு ஒரு குழு வச்சிருந்தாராமே. ஒரு ஹிட் கூட இல்லையே, ஏன் அவ்வளவு பெருமையா பேசறாங்க?

1958ல் கோஹன், மைக் சீகர், டாம் பேலி மூவரும் தொடங்கிய குழு அது. பேலி யேலில் இருந்த கணிதக்காரர், கோஹனோடு அங்கேயே பாட்டுக் கச்சேரி கூட்டியவர். மைக் சீகர், பிரபல ஃபோக் பாடகர் பீட் சீகரின் தம்பி (அப்பா ஒருவர், அம்மா வேறு), எந்த வாத்தியத்தைக் கொடுத்தாலும் வாசிப்பார். 1962ல் பேலி விலக, ட்ரேஸி ஷ்வார்ஸ் வந்தார். ஹிட் இல்லை என்பது உண்மை. அவர்கள் அதைத் தேடவும் இல்லை.

பெருமைக்குக் காரணம் வேறு. நகரத்தில் யாரும் மேடையில் வாசிக்காத பாணிகளை நுணுக்கம் பிசகாமல் வாசித்துக் காட்டினார்கள். ஒவ்வொரு பாட்டையும் எந்தத் தட்டிலிருந்து, யாரிடமிருந்து எடுத்தோம் என்று ஆல்பத்தின் கையேட்டில் எழுதினார்கள். இது சின்ன விஷயமாகத் தெரியலாம். ஆனால் "பாரம்பரியப் பாடல்" என்று போட்டுவிட்டுத் தங்கள் பேரில் பதிவு செய்துகொள்வது சகஜமாக இருந்த காலம் அது. அந்தக் குறிப்புகளைப் பிடித்துக்கொண்டுதான் நூற்றுக்கணக்கான இளைஞர்கள் மூலக் கலைஞர்களைத் தேடிப்போனார்கள். 1964ல் கோஹனும் மைக் சீகரும் தொகுத்த பாட்டுப் புத்தகம் வந்ததும் இன்னும் பரவியது. இன்றைக்கு அமெரிக்காவில் எந்த ஓல்ட் டைம் கூடுகைக்குப் போனாலும் அவர்கள் போட்ட பாதை தெரியும்.

1959ல கென்டக்கிக்கு எதுக்குப் போனார்?

பாட்டுத் தேடித்தான். ராம்ப்ளர்ஸ் அப்போது 1930களின் பொருளாதாரப் பெருமந்தம் பற்றிய பாடல்களில் மூழ்கியிருந்தார்கள். கோஹனுக்கு ஒரு உறுத்தல்: வறுமையைப் பாடுகிறோமே, அதை நாம் பார்த்ததே இல்லையே. கிழக்குக் கென்டக்கியின் நிலக்கரி மலைகளில் வேலை போய், சுரங்கங்கள் மூடி, ஜனங்கள் ஊரைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். கேமராவும் ஒலிப்பதிவுக் கருவியுமாக ஹேஸர்ட் ஊர்ப்பக்கம் போனார்.

வழியில் "இங்கே யாராவது பாஞ்சோ வாசிப்பார்களா?" என்று விசாரித்து விசாரித்துத்தான் ஆட்களைப் பிடித்தார். பாஞ்சோ பில் கார்னெட், சுரங்கப்பாட்டுப் பாடிய ஜார்ஜ் டேவிஸ், லீ செக்ஸ்டன் என்று ஒருவர் பின் ஒருவராகக் கிடைத்தார்கள். இதில் கார்னெட் மாநிலச் சட்டமன்ற உறுப்பினரும்கூட. டெய்ஸி என்ற சிற்றூரில் ராஸ்கோ ஹோல்கம் கிடைத்தார். பதிவுகள் 1960ல் 'மௌண்டன் மியூசிக் ஆஃப் கென்டக்கி' என்ற பெயரில் ஃபோக்வேஸ் ஆல்பமாக வந்தன, கோஹனின் புகைப்படங்களோடு.

ராஸ்கோ ஹோல்கம் பாடறது எனக்குக் கத்தற மாதிரி இருக்கு. அதுல என்ன பெருசா இருக்கு?

முதல் தடவை கேட்கும் எல்லோரும் இதைச் சொல்கிறார்கள். தப்பே இல்லை. ஹோல்கம் 1912ல் பிறந்தவர். நிலக்கரிச் சுரங்கத்திலும் கட்டட வேலையிலும் உடம்பு தேய்ந்தவர். கோஹன் அவர் வீட்டுக்குப் போன அன்று, கிடாரை பாஞ்சோ மாதிரிச் சுருதி கூட்டிக்கொண்டு பாடினார். குரல் இறுக்கமாக, தொண்டையை நெரித்துக்கொண்டு, ஆணுக்கு எட்டாத உயரத்தில் போகும். சிரிப்பு கிடையாது, கேட்பவரைக் குளிரவைக்கும் சங்கதி கிடையாது. கட்டைவிரல் மட்டும் தாளத்தை விடாமல் தள்ளிக்கொண்டிருக்கும்.

அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் காது திறந்துகொள்ளும். அந்த மலைகளில் 'ஓல்ட் ரெகுலர் பாப்டிஸ்ட்' சபைகளில் வாத்தியமே கிடையாது. ஒருவர் வரியை வேகமாக எடுத்துக்கொடுக்க, சபை முழுவதும் அதை மெதுவாக இழுத்து, ஒவ்வொருவரும் தன் போக்கில் நெளித்துப் பாடும். ஒப்பாரியில் ஒருத்தி வரியெடுக்க மற்றவர்கள் சேர்ந்து இழுப்பதைக் கேட்டவர்களுக்கு இதன் கனம் சட்டென்று புரியும். ஹோல்கம் அந்த இழுவையையும், கறுப்பினக் கலைஞர்களின் ப்ளூஸையும், நடனத்துக்கான பாஞ்சோ தாளத்தையும் ஒரே தொண்டையில் வைத்திருந்தார். ஹெட்போன் போட்டு, ஒரே பாட்டை மூன்று முறை கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

'ஹை லோன்ஸம்'ங்கறது ப்ளூகிராஸுக்குச் சொல்ற பேர் இல்லையா?

இப்போது அப்படித்தான் புழங்குகிறது, முக்கியமாக ப்ளூகிராஸ் என்ற வேகமான தந்தி வாத்திய இசையை உருவாக்கிய பில் மன்றோவின் பாட்டுக்கு. ஆனால் 'உச்சக்குரலில் ஒலிக்கும் தனிமை' என்று பொருள்படும் இந்தப் பெயரைப் பிரபலமாக்கியது கோஹன். ஹோல்கம் குரலை மனதில் வைத்துத் தன் ஆவணப்படத்துக்கு அவர் வைத்த தலைப்பு அது. 1962ல் எடுத்து அடுத்த ஆண்டு வெளியான அரைமணி நேரக் கறுப்பு வெள்ளைப் படம்.

குழப்பத்துக்கு ஒரு நியாயமும் உண்டு. அதே படத்தில் ஹேஸர்டில் பில் மன்றோ குழு வாசிக்கும் காட்சி வருகிறது. வீட்டுத் திண்ணையில் பாடுகிறவரும், அதே மண்ணின் இசையைத் தொழிலாக்கி ஊர் ஊராகப் போகிறவரும் ஒரே படத்தில்.

கையில டேப் ரெக்கார்டர் இருக்கு, கேமரா இருக்கு. அப்புறம் சினிமா எதுக்கு?

பாட்டு தனியாகவும் படம் தனியாகவும் இருப்பது போதவில்லை என்பதால். அந்தக் குரலைக் கேட்டவர்களுக்கு முகம் தெரியாது, முகத்தைப் பார்த்தவர்களுக்குக் குரல் தெரியாது. அவருக்கு சினிமாப் படிப்பு எதுவும் இல்லை. நிழற்படக்காரரின் கண்ணோடுதான் எடுத்தார்.

படத்தைப் பார்த்தால் தெரியும். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது கேமரா பாடுகிறவர் முகத்திலேயே நிற்காது. திண்ணை, பிள்ளைகள், நிலக்கரி வேலை, சபையில் பாடும் வாய்கள் என்று போய்வரும். 'இந்தப் பாட்டு எதற்குள் இருந்து வருகிறது' என்பதைச் சொல்லாமல் காட்டிவிடுகிறார். பின்னால் வட கரோலினாவின் மேடிசன் கவுண்டியில், வாத்தியம் எதுவுமில்லாமல் பழைய கதைப்பாடல்களைப் பாடிய டில்லார்ட் சாண்ட்லரைப் பற்றியும் ஒரு படம் எடுத்தார். என் கணிப்பில் இந்த இரண்டாவது படம் இன்னும் துணிச்சலானது. தனியாக வாழும் ஒரு மனிதனின் அமைதியை அவசரப்படாமல் பார்க்கிறது.

டிசைன் படிப்பு அவரோட இசை வேலைல எங்க தெரியுது? சும்மா சேர்த்துச் சொல்றீங்களா?

இதுதான் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. ஆல்பர்ஸ் வகுப்பின் அடிப்படைப் பாடம் ஒன்று: ஒரு நிறம் தனியாக எப்படி இருக்கிறது என்று கேட்காதே, பக்கத்தில் எது இருக்கிறது என்று பார். ஒரே சாம்பல் நிறத்துண்டு கறுப்பின்மேல் வெளிறித் தெரியும், வெள்ளையின்மேல் இருண்டு தெரியும். மாணவர்கள் வண்ணக்காகிதத்தை வெட்டி ஒட்டி இதைக் கையால் கற்றுக்கொள்வார்கள்.

இப்போது மேலே சொன்ன கென்டக்கி ஆல்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஹோல்கம் மட்டும் இல்லை. சபையின் இழுவைப்பாட்டு இருக்கிறது, சுரங்கத் தொழிலாளியின் பாட்டு இருக்கிறது, பாஞ்சோ நடன இசை இருக்கிறது. சபைப்பாட்டைக் கேட்ட காதோடு ஹோல்கமுக்கு வந்தால், அவர் கத்தவில்லை, தொழுகிறார் என்று தெரிகிறது. ஒன்றின் பக்கத்தில் இன்னொன்றை வைத்துப் புரியவைக்கிற வேலை இது. கோஹன் இதை ஆல்பர்ஸிடமிருந்துதான் எடுத்தார் என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பயிற்சி பெற்ற கண் அதில் வேலை செய்கிறது என்று நம்புகிறேன்.

இன்னொன்று, அலங்காரத்தின் மேல் அவருக்கு இருந்த சந்தேகம். பௌஹௌஸ் வழி வந்தவர்கள் பொருளின் இயல்பை மறைக்கும் மெருகை விரும்பமாட்டார்கள். மரம் மரமாகத் தெரிய வேண்டும். கோஹனுக்குக் குரலும் அப்படித்தான்.

பாப் டிலனை இவர்தான் கண்டுபிடிச்சாராமே?

இல்லை. டிலன் 1961 ஜனவரியில் நியூயார்க் வந்தபோது கோஹன் ஏற்கெனவே அந்த வட்டாரத்தில் தெரிந்த கலைஞர். 1962ல் தன் மாடியில் வைத்து டிலனைப் படம் எடுத்தார். இருபது வயதுப் பையனின் அந்தப் படங்கள் இன்று பிரபலம். 1968ல் 'சிங் அவுட்' இதழுக்காக ஹேப்பி ட்ரௌமுடன் சேர்ந்து டிலனைப் பேட்டி கண்டார். தன்வரலாற்று நூலில் டிலன் ராம்ப்ளர்ஸ் குழுவை மிகுந்த மதிப்போடு நினைவுகூர்கிறார். இவ்வளவுதான் தொடர்பு.

டிலன் பெயரை வைத்துக் கோஹனை அறிமுகம் செய்வது எனக்கு வருத்தம் தருகிறது. அவர் வாழ்நாள் உழைப்பு ஹோல்கம் மாதிரி ஆட்களுக்கானது.

மலையில இருக்கிற ஆளைப் பதிவு பண்ணிட்டு வந்துட்டா போதுமா? அவங்களுக்கு மேடை கிடைச்சுதா?

கிடைத்தது, அதில் கோஹனுக்குப் பங்கு உண்டு. ரால்ஃப் ரின்ஸ்லர், இஸ்ரேல் யங் இருவரோடும் சேர்ந்து 'ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் ஓல்ட் டைம் மியூசிக்' என்ற அமைப்பைத் தொடங்கினார். 1961 பிப்ரவரியில் அதன் முதல் கச்சேரி கிரீன்விச் வில்லேஜில் ஒரு பள்ளிக்கூட அரங்கில் நடந்தது. அதில் ஹோல்கம் பாடினார். அடுத்த மாதமே கிளாரன்ஸ் ஆஷ்லியுடன் டாக் வாட்சன் வந்தார். பார்வையற்ற அந்தக் கிடார் மேதையை நியூயார்க் முதலில் பார்த்தது அந்த மேடையில்தான். மிசிசிப்பி ஜான் ஹர்ட்டும் அங்கே பாடினார். மொத்தம் 14 கச்சேரிகள்.

நகரத்துப் பையன்கள் வாசித்துக் காட்டியது போதும், இனி மூலக்காரர்களே வந்து பாடட்டும் என்ற முடிவு அது. தானே மேடைக்கலைஞராக இருக்கும் ஒருவர் இதைச் செய்வது லேசான காரியம் இல்லை.

ஏழைங்க பாட்டையும் முகத்தையும் எடுத்து இவர் பேர் வாங்கிட்டார்னு சொன்னா தப்பா?

தப்பில்லை, கேட்க வேண்டிய கேள்வி. ஹோல்கம் பல்கலைக்கழகங்களிலும் விழாக்களிலும் பாடினார், 1966ல் ஐரோப்பா வரை போனார். ஆனால் கடைசிவரை ஏழையாகத்தான் இருந்தார், 1981ல் இறந்தார். ஃபோக்வேஸ் சின்ன நிறுவனம். அதன் ஆல்பங்கள் யாரையும் பணக்காரர் ஆக்கியதில்லை. கிழக்குக் கென்டக்கி அடங்கிய அப்பலாச்சிய மலை மக்களும் வெளியூர்க் கேமராக்கள் தங்களை எப்போதும் வறுமையின் சின்னமாகவே காட்டுகின்றன என்று குறைப்பட்டிருக்கிறார்கள். அந்தக் கோபம் நியாயமானது.

கோஹனை நான் எங்கே வேறுபடுத்துகிறேன் என்றால், அவர் ஒருமுறை போய் எடுத்துக்கொண்டு வந்தவர் இல்லை. திரும்பத் திரும்பப் போனார், ஹோல்கமோடு மேடைகளுக்குப் பயணம் செய்தார், அவர் இறந்து பல பத்தாண்டுகள் ஆன பிறகும் அவர் படங்களையும் பாட்டுகளையும் வெளியிட்டுக்கொண்டே இருந்தார். ஹோல்கமை அவர் பரிதாபத்துக்குரியவராகக் காட்டவில்லை, கலைஞராகக் காட்டினார். பணக்கணக்கு அதனால் சரியாகிவிடாது. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

வெளியூர்க்காரர் வாசிச்சா அது நிஜமான நாட்டுப்புற இசை ஆகுமா?

ராம்ப்ளர்ஸ் தாங்கள் மலைக்காரர்கள் என்று ஒருநாளும் நடிக்கவில்லை. குழுவின் பெயரிலேயே 'சிட்டி' இருக்கிறது. கற்றுக்கொண்டவர்கள் என்ற இடத்தில் நின்று, கற்றுக்கொடுத்தவர்களை மேடைக்கு அழைத்தார்கள். எனக்கு அது போதுமான நேர்மை. மற்றபடி ஹோல்கம் பாடுவதும் கோஹன் பாடுவதும் ஒன்றா என்றால், ஒன்றில்லை. கோஹனே அப்படிச் சொல்லிக்கொண்டதில்லை.

பெரு நாட்டுக்கும் இவருக்கும் என்ன சம்பந்தம்? விண்வெளிக்குப் போன பாட்டு இவருதாமே?

பாடியது அவரில்லை, பதிவு செய்தது அவர். யேல் மாணவராக இருந்தபோதே 1956ல் ஆண்டிஸ் மலை நெசவைப் படிக்க பெரு போனார். தறியில் தொடங்கிய ஈடுபாடு பாட்டுக்கும் அங்குள்ள கேரோ பழங்குடி மக்களைப் பற்றிய படங்களுக்கும் நீண்டது. அவர் அங்கே பதிவு செய்த ஒரு கல்யாணப்பாட்டு, 38 நொடி நீளம், 1977ல் பூமியின் ஒலிகளையும் படங்களையும் பதிந்து வாயேஜர் விண்கலங்களில் வைத்து அனுப்பிய தங்கத்தட்டில் இருக்கிறது.

வாத்தியார் வேலையையும் பார்த்துட்டு இத்தனையும் எப்படி?

வாத்தியார் வேலை இருந்ததால்தான் என்பது என் எண்ணம். ராம்ப்ளர்ஸ் மாதிரி ஒரு குழுவின் வருமானத்தில் குடும்பம் நடத்த முடியாது. கென்டக்கி படத்துக்கு வசூலும் கிடையாது. 25 வருடம் மாதச் சம்பளம் வந்ததால் பாட்டைச் சந்தைக்கு ஏற்ப வளைக்க வேண்டிய தேவை வரவில்லை. வீடும் இசைவீடுதான்: மனைவி பென்னி சீகர், மைக் சீகரின் தங்கை.

ஓய்வுக்குப் பிறகும் நிறுத்தவில்லை. பேரன் வயதுள்ள 'டவுன் ஹில் ஸ்ட்ரக்லர்ஸ்' குழுவோடு வாசித்தார். 2013ல் வந்த 'இன்சைட் லூயின் டேவிஸ்' படத்தின் இசை ஆல்பத்தில் அவர்களோடு ஒரு பாட்டு பாடியிருக்கிறார். அவர் சேகரிப்பு 2011ல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

சரி, எங்கேருந்து கேட்க ஆரம்பிக்கணும்?

முதலில் 'மௌண்டன் மியூசிக் ஆஃப் கென்டக்கி'. ஃபோக்வேஸை 1987ல் ஸ்மித்சோனியன் நிறுவனம் எடுத்துக்கொண்டதால் அதன் பழைய ஆல்பங்கள் இன்றும் கிடைக்கின்றன. ஹோல்கமுக்கு நேராகப் போகாமல் சபைப்பாட்டை முதலில் கேளுங்கள், காரணம் மேலே டிசைன் கேள்விக்கான பதிலில் இருக்கிறது. அப்புறம் ஹோல்கம். அதற்கப்புறம் அரைமணி நேரப் படம். ராம்ப்ளர்ஸை கடைசியில் வைத்துக்கொள்ளலாம், எதைப் பார்த்து வாசித்தார்கள் என்று தெரிந்தபிறகு கேட்டால்தான் அவர்கள் உழைப்பு பிடிபடும். ஆல்பக் கையேடுகளைத் தவறவிடாதீர்கள். கோஹன் எழுதிய குறிப்புகளும் எடுத்த படங்களும் அவற்றில்தான் இருக்கின்றன.